கட்டி முடிச்ச வீட்டுல கண்ணுல படுற கோளாறுகள்: எதனால வருது, எப்படித் தடுக்கறது?

கொத்துவேலை_காங்கயம்

புது வீட்டைச் சுத்திப் பாத்தா சிரிப்பு வர்ற மாதிரி ஒரு கோளாறாவது இருக்கும். அதை இந்த இழையில எழுதுங்க. ஆனா இப்படி இருக்குது பாருங்கன்னு சொல்லிட்டு விட்டுறாதீங்க. அளவு எங்க தப்புச்சு, இனி மாத்த முடியுமா, இதையும் சேத்து எழுதுனா வீடு கட்டப் போறவங்களுக்கு உதவும்.

மாடிப்படியில தொடங்கறேன். ஏறும்போது கடைசிப் படியில கால் கட்டைவிரல் தட்டும். இறங்கும்போது கீழ்ப்படியில காலை வைக்கறதுக்குள்ள தரை முன்னாடியே வந்துரும், முழங்கால் அதிரும். கான்கிரீட் போட்ட அன்னிக்கு அளந்தா எல்லாப் படியும் 6 அங்குலம், ஒரு குத்தமும் இருக்காது. டைல்ஸ் ஒட்டறப்பத்தான் கணக்கு மாறுது. கீழ்த்தரையில கலவையும் டைல்ஸுமா 2 அங்குலம் ஏறும். படி மேல கிரானைட் ஒன்றரை அங்குலம் ஏறும். மேல்மாடித் தரையில மறுபடியும் 2 அங்குலம். முடிவுல முதல் படி 5½, நடுவுல இருக்கறதெல்லாம் 6, கடைசிப் படி 6½ அங்குலம். கால் ரெண்டு மூணு படி ஏறுனதுமே உயரத்தைப் பழகிக்கும், அப்புறம் அரை அங்குலம் கூடுனாலும் தடுமாறும்.

தடுக்கறது சுலபம். கான்கிரீட்டுக்குப் பலகை அடிக்கும்போதே முதல் படியை 6½, கடைசிப் படியை 5½ன்னு வெச்சுட்டா டைல்ஸ் ஏறுனதுக்கு அப்புறம் எல்லாம் 6ல வந்து நிக்கும். பலகை அடிக்கறவருக்கு என்ன டைல்ஸ், என்ன கல்லுன்னு முன்கூட்டியே சொல்லோணும். அங்கதான் விட்டுப்போகுது.

புதுவீடு_உடுமலை

படி ஒத்தைப்படையில வரோணும்னு சொல்லி, 20 படி போட்டதுக்கு மேல 2 அங்குலத்துல பட்டையா ஒரு படி வெச்சுடறாங்களே, அதுவும் இதே கணக்குலதானுங்களா வரும்?

கொத்துவேலை_காங்கயம்

அது வேறங்க. படி போட்டு முடிச்சதுக்கு அப்புறம் வாஸ்து பாக்கறவரு வந்து எண்ணுனா அப்படி ஒட்டுப்படி வரும். ஆளு விழறதுக்கு அந்த ஒரு பட்டைப்படி போதும். ஒத்தைப்படைதான் வேணும்னா தாராளமா வைக்கலாம், மொத்த உயரத்தை மொதல்லயே அந்த எண்ணால வகுத்துக்கோங்க. தளத்துக்கும் தளத்துக்கும் 10 அடின்னா 120 அங்குலம். 19 படின்னா படிக்கு 6.3 அங்குலம், 21 படின்னா 5.7 அங்குலம். ரெண்டுமே ஏற நல்லாத்தான் இருக்கும். மிதி, அதாவது கால் வைக்கற அகலம், 10 அங்குலத்துக்குக் கொறையாம பாத்துக்கோங்க. 20 படியை விட 21 படிக்குக் கூடுதலா ஒரு மிதி நீளம் வேணும், அந்த 10 அங்குலத்துக்கு இடம் இருக்குதான்னு வரைபடத்துலயே பாத்துக்கோணும்.

வரைபடம்_கோவை

படிக்கட்டைப் பற்றிப் பேசும்போது அதன் அடியில் வைக்கிற கழிவறையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாலடிக் கதவு போட்டு, குனிந்தே உள்ளே போய், குனிந்தே வெளியே வரும்படி எத்தனையோ வீடுகளில் இருக்கிறது. 10 அடி உயரத்தில் பாதியில் லேண்டிங் (படி திரும்பும் மேடை) வைத்தால் அது 5 அடியில் வரும். தளத்தின் கனத்தைக் கழித்தால் கீழே நாலரை அடிதான் மிச்சம். அங்கே யாரும் நிமிர்ந்து நிற்க முடியாது.

இதற்கு வழக்கமாகச் செய்யும் வைத்தியம் கழிவறைத் தரையைப் பள்ளமாக்குவது. அது கோளாறைப் பெரிதாக்கும். தரை, வெளியே இருக்கும் சாக்கடைத் தொட்டியின் மட்டத்துக்குக் கீழே போய்விட்டால் தொட்டி நிரம்புகிற அன்று கழிவு உள்ளே ஏறும். கீழே கழிவறை வேண்டும் என்று முன்பே தெரிந்தால் லேண்டிங்கைப் பாதியில் வைக்க வேண்டியதில்லை. கீழ்ப்பகுதியில் 13 படி, மேல்பகுதியில் 7 படி என்று பிரித்தால் லேண்டிங் ஆறரை அடியில் வரும், அடியில் கிட்டத்தட்ட 6 அடி கிடைக்கும். அதுவும் கை கழுவவும் சாமான் வைக்கவும்தான் சரியாக இருக்கும். கழிவறைக்கு 7 அடி இல்லையென்றால் வேறு இடம் பார்ப்பதே நல்லது.

பைப்லைன்_கோபி

கழிவறை வந்துருச்சு, நானும் எழுதிடறேன்.

வெஸ்டர்ன் கிளாசெட்டுக்குப் பின்னால ஒரு சாண் சந்து விட்டு நிக்கறதைப் பாத்திருப்பீங்க. இல்லைன்னா பிளஷ் டேங்க் செவுத்துல முட்டி, கிளாசெட் கோணலா திரும்பி இருக்கும். கழிவு தரைக்குள்ள எறங்கற வளைவுக் குழாய், அதாவது எஸ் டிராப்புல 9 அங்குலம், 12 அங்குலம்னு ரெண்டு அளவு பரவலா வருது. செவுத்து டைல்ஸ் முகத்துல இருந்து பைப் ஓட்டை மையம் வரைக்கும் இருக்கற தூரம் அது. பைப் போடற அன்னிக்கு செவுத்துல பூச்சும் இருக்காது, டைல்ஸும் இருக்காது. வெறும் கல்லுல இருந்து 9 அங்குலம் அளந்து வெச்சுட்டா, பூச்சும் டைல்ஸும் சேந்து ஒன்னேகால் அங்குலம் தின்னுரும். மிச்சம் 7¾. 9 அங்குலக் கிளாசெட் அங்க உக்காராது.

அப்புறம் ஆஃப்செட் கனெக்டர்னு வளைஞ்ச துண்டு ஒண்ணு மாட்டுவாங்க. அது வேலைக்கு ஆகும், ஆனா தண்ணி போற வேகம் கொறையும், அடைப்பு எடுக்கறதும் சிரமம். அதனால கிளாசெட்டை மொதல்ல வாங்குங்க, அட்டைப்பெட்டியில இருக்கற அளவுப் படத்தைக் கிழிச்சுப் பைப் வேலைக்காரர் கையில குடுங்க. செவுத்துக்குள்ள போற பி டிராப்பா இருந்தா தரை டைல்ஸுக்கு மேல எவ்வளவு உயரம்னும் அதுலயே போட்டிருக்கும்.

குளியலறைக் குழாய் அடியில பக்கெட் நுழையாத வீடும் நெறைய உண்டு. பக்கெட்டைச் சாய்ச்சு வெச்சுப் பாதித் தண்ணிதான் பிடிப்பாங்க. காரணம் அதேதான். வெறும் தளத்துல இருந்து 18 அங்குலம் அளந்திருப்பாங்க, பள்ளத்தை ரொப்பித் தரை 4 அங்குலம் மேல வந்திருக்கும். டைல்ஸ் தரையில இருந்து குழாய் வாய் வரைக்கும் 18 அங்குலம் இருந்தாத்தான் 20 லிட்டர் பக்கெட் நேரா நிக்கும்.

வயரிங்_பல்லடம்

கதவுக்குப் பின்னால சுவிட்ச் போர்டு. இதைச் சொல்லாம இந்த இழை நகராதுங்க. உள்ள வந்து, கதவைச் சாத்தி, இருட்டுல தடவித்தான் லைட் போடோணும். எலக்ட்ரீசியன் செவுத்தை வெட்டறப்ப கதவு இருக்காது, நெலவு, அதாவது கதவுச் சட்டம் மட்டுந்தான் நிக்கும். கீல் எந்தப் பக்கம்னு அவரா ஊகிச்சுப் பாக்ஸ் வெப்பாரு. ரெண்டு மாசம் கழிச்சுத் தச்சர் வந்து, பீரோ இடிக்குதுன்னு கதவை மறுபக்கம் திருப்பிடுவாரு. செவுத்தை வெட்டறதுக்கு முந்தின நாள் சாக்பீஸ் எடுத்து, ஒவ்வொரு வாசல் தரையிலயும் கதவு திரும்பற வளைவை வரைஞ்சு விட்டுருங்க. பூட்டு வர்ற பக்கம் நெலவுல இருந்து 6 அங்குலம் தள்ளி, தரையில இருந்து 4 அடிக்குப் பாக்ஸ்.

அடுத்தது மாடிப்படி லைட். கீழ சுவிட்ச் போட்டாத்தான் மேல சுவிட்ச் வேலை செய்யும், கீழ அணைச்சுட்டா மேல இருக்கறவங்க இருட்டுலதான் எறங்கோணும். டூ வே சுவிட்சுல மூணு முனை இருக்கும். நடு முனை பொது முனை. கீழ் சுவிட்சோட பொது முனைக்கு ஃபேஸ், மேல் சுவிட்சோட பொது முனையில இருந்து லைட்டுக்கு ஒயர், மிச்சம் இருக்கற ரெண்டு ரெண்டு முனைகளை ரெண்டு ஒயர்ல ஒண்ணோட ஒண்ணு சேக்கோணும். பொது முனைக்குப் பதிலா ஓர முனையில ஃபேஸ் குடுத்துட்டா இந்தக் கூத்துதான். மெயினை அணைச்சு ஒயரை மாத்துனா போதும், செவுத்தை ஒடைக்க வேண்டியதில்லை. குழாய்க்குள்ள ரெண்டு ஒயருக்குப் பதிலா ஒண்ணுதான் ஓடியிருக்குதுன்னா இன்னொண்ணு இழுக்கோணும்.

சுவிட்சை அணைச்ச பொறகும் எல்இடி பல்ப் மங்கலா மினுக்கிட்டே இருந்தா சும்மா விட்டுறாதீங்க. சுவிட்சுல சின்ன இண்டிகேட்டர் விளக்கு இருந்தா அதுவழியா வர்ற சொட்டுக் கரண்ட்டா இருக்கலாம். அது இல்லாமயும் மினுக்குதுன்னா சுவிட்ச் ஃபேஸுக்குப் பதிலா நியூட்ரலை வெட்டுதான்னு பாக்கோணும். சுவிட்சை அணைச்சு, பல்பைக் கழட்டி, ஹோல்டர்ல டெஸ்டர் வெச்சுப் பாருங்க. டெஸ்டர் நல்லா எரிஞ்சுதுன்னா அணைச்ச லைட்டுலயும் கரண்ட் நிக்குதுன்னு அர்த்தம், பல்ப் மாத்தறவங்களுக்கு ஷாக் அடிக்கும். இதை லைசென்ஸ் வெச்சிருக்கற எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டே மாத்துங்க.

தச்சு_கரூர்

> தச்சர் வந்து கதவை மறுபக்கம் திருப்பிடுவாரு

தச்சர் மேல மட்டும் போடாதீங்க அண்ணா. வீட்டுக்காரங்க பீரோ, கட்டில் எங்க வரும்னு சொல்றதே கதவு மாட்டற அன்னிக்குத்தான்.

பேன் விஷயத்துல உங்க ஆளுங்களும் கவனிக்கோணும். 10 அடி ரூம்ல கரெக்டா நடுவுல, 5 அடியில பேன் கொக்கி வெச்சுடறீங்க. அப்புறம் ஒரு செவுரு முழுக்க 2 அடி ஆழத்துல அலமாரியும் மேல அட்டாலியும் (பரண்) வருது. பேன் மையத்துல இருந்து அலமாரி முகத்துக்கு 3 அடி. 48 அங்குல பேனோட இறக்கை 2 அடி நீளும். மிச்சம் 12 அங்குலம். அட்டாலிக் கதவு 18 அங்குல அகலம். திறந்தா கதவு பேன் இறக்கையில போய் நிக்கும். பேன் ஓடறப்பத் திறந்தா கதவும் போச்சு, இறக்கையும் போச்சு. அலமாரி வர்ற ரூம்ல மையத்தை அலமாரி முகத்துல இருந்து எடுத்து, கொக்கியை ஒரு அடி தள்ளி வெச்சாச் சரியா வரும். கான்கிரீட் போட்டாச்சுன்னா அட்டாலிக்குத் தள்ளுகதவு போடறது ஒண்ணுதான் வழி.

இன்னொண்ணு தலைவாசல் நெலவு. நம்ம பக்கம் நல்ல நேரம் பாத்து, செவுரு எழும்பறதுக்கு முன்னாலயே நெலவு வெச்சுப் பூசை போட்டுடறோம். தரை எவ்வளவு வரும்னு அன்னிக்கு யாரும் பேசறதில்லை. பின்னால தரையில டைல்ஸ் ஏறி, கீழ்க்கட்டை தரையோட புதைஞ்சு போகும். கதவு மிதியடியில தட்டும், அடியில அரை அங்குலம் இழைப்போம். தேக்குக் கதவுன்னா அதோட தப்பிச்சுரும். பாத்ரூம்ல போடற ஃப்ளஷ் டோரை அடியில அறுத்தா பிளை விளிம்பு தெறந்துக்கும், தண்ணி உறிஞ்சி உப்பும். அறுத்தே ஆகோணும்னா அறுத்த விளிம்புக்கு ரெண்டு கை பெயிண்ட் அடிச்சு, அலுமினியப் பட்டை கட்டிருங்க.

வரைபடம்_கோவை

இதுவரைக்கும் வந்ததைக் கவனியுங்கள். படி, கிளாசெட், குழாய், நிலவு எல்லாவற்றிலும் வேலைக்காரர் அளந்தது சரிதான். வெறும் பரப்பிலிருந்து அளந்ததுதான் பிழை. பத்தில் எட்டுக் கோளாறுக்கு மூலம் இதுவே என்று நான் உறுதியாக நம்புகிறேன், அதற்கு மருந்தும் ஒன்றே.

செவுரு எழும்பியதும், பூச்சு வேலைக்கு முன்பு, முடிந்த தரையிலிருந்து சரியாக 3 அடியில் எல்லா அறையிலும் சுற்றிச் சுற்றி ஒரு கோடு அடியுங்கள். சாயம் தோய்த்த நூலும் டியூப் லெவலும் போதும். டியூபில் காற்றுக்குமிழி இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், ஒரு குமிழி இருந்தாலும் மட்டம் பொய் சொல்லும். முடிந்த தரை மட்டத்தைத் தலைவாசலில் தீர்மானியுங்கள். வெறும் கான்கிரீட்டின் மேல் 2 அங்குலம் என்று வைத்தால், கோடு கான்கிரீட்டிலிருந்து 3 அடி 2 அங்குலத்தில் வரும். அதன் பிறகு யாரும் தரையிலிருந்து அளக்கக் கூடாது. சுவிட்ச் பாக்ஸ் கோட்டுக்கு 1 அடி மேலே. நிலவின் தலை கோட்டுக்கு 4 அடி மேலே. சமையல் மேடையின் மேல்மட்டம் கோட்டுக்கு 2 அங்குலம் கீழே. குளியல் குழாய் கோட்டுக்கு 18 அங்குலம் கீழே, குளியலறைத் தரையை 1 அங்குலம் இறக்கினால் குழாயையும் அதே அளவு இறக்கலாம். பூச்சு அடித்தால் கோடு மறைந்துவிடும், காய்ந்ததும் மறுபடி அடிக்க வேண்டும். அரை நாள் வேலை.

செவுத்துப் பக்கத்துக்கும் இப்படித்தான். கிளாசெட் வரும் இடத்தில் ஒரு டைல்ஸ் துண்டைக் கலவையோடு முன்பே ஒட்டிவிட்டால் பைப் வேலைக்காரர் அதன் முகத்திலிருந்து அளந்துகொள்வார்.

புதுவீடு_உடுமலை

நெம்ப உபயோகமான தகவலுங்க. இன்னும் ரெண்டு சந்தேகம். மொட்டைமாடி டேங்க் நிரம்பும்போது வழியற பைப்புல தண்ணி வராம, பக்கத்துல காத்து போறதுக்கு நிக்கற வெண்ட் பைப்புல இருந்து கொட்டற வீடு இருக்குதே, அது ஏன்? இன்னொண்ணு, வாசல் கேட் பாதியிலயே தரையில மாட்டிக்கறது.

பைப்லைன்_கோபி

வெண்ட் பைப்பு டேங்க்கை விடக் குட்டையா இருக்கும், அவ்வளவுதான். ரெண்டும் கீழ பைப்புல சேந்திருக்கறதால டேங்க்ல எந்த உயரத்துக்குத் தண்ணி நிக்குதோ அதே உயரத்துக்கு வெண்ட்லயும் ஏறும். 4 அடி டேங்க்குக்கு 3 அடி வெண்ட் வெச்சா முக்கால் டேங்க்குக்கு மேல என்னிக்கும் நிரம்பாது. வெண்ட் டேங்க் மூடிக்கு மேல ஒரு அடி நிக்கோணும், உச்சியில வளைவைக் கீழ்ப்பாத்து மாட்டோணும். வெண்ட் தொந்தரவா இருக்குதுன்னு மூடி போட்டு அடைச்சா குழாயில காத்துப் பிடிச்சு, தண்ணி விட்டு விட்டு வரும்.

வழியற பைப்பும் உள்ள வர்ற பைப்பும் ஒரே அளவா இருந்தா டேங்க் மூடி வழியாவும் ஊத்தும். மோட்டார் அழுத்தத்துல உள்ள தள்ளுது, வெளிய போறது தானா வழியறதுதான். உள்ள 1 அங்குலம்னா வெளிய ஒன்றரை அங்குலமாவது வேணும்.

நம்ம ஊர் வீடுகள்ல நல்லதண்ணிக்கு ஒண்ணு, போர் உப்புத்தண்ணிக்கு ஒண்ணுன்னு ரெண்டு லைன் இருக்கறதால இன்னொரு கூத்தும் நடக்குது. சமையலறைக் குழாயில உப்புத்தண்ணி, செடிக்கு ஊத்தற குழாயில நல்லதண்ணி. செவுத்துக்குள்ள போற ரெண்டு பைப்பும் ஒரே நெறம், பூசுனதுக்கு அப்புறம் யாராலயும் பிரிக்க முடியாது. பூசறதுக்கு முன்னால ஒரு டேங்க் வால்வை மூடிட்டு எல்லா வாயையும் திறந்து பாருங்க, எதுல வருதுன்னு செவுத்துல எழுதி போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. ரெண்டு டேங்க்கையும் ஒரு வால்வ் வெச்சு இணைக்கவே வேண்டாம். அந்த வால்வ் கசிஞ்சா நல்லதண்ணி முழுக்க உப்பேறிரும்.

கொத்துவேலை_காங்கயம்

கேட் கணக்கு நான் சொல்றேன். வாசல்ல இருந்து போர்டிகோ வரைக்கும் தரை ஏத்தமா போகும். கேட் ஒரு பக்கம் 5 அடி, உள்பக்கம் திறக்குதுன்னு வெச்சுக்கோங்க. அந்த 5 அடிக்குள்ள தரை 4 அங்குலம் ஏறுது, கேட்டுக்கு அடியில விட்ட சந்து 2 அங்குலம். முழுசாத் திறந்தா கேட்டோட நுனி 5 அடி உள்ள வரோணும், அங்க தரை 4 அங்குலம் ஒசரம். அதனால ரெண்டரை அடி உள்ள வந்ததுமே நுனி தரையில மோதி நின்னுரும். பேவர் கல்லு பதிக்கறதுக்கு முன்னால கேட் மாட்டுனா இதைக் கண்டுபிடிக்கவே முடியாது, அன்னிக்கு நல்லாத்தான் திறக்கும். கேட்டுக்கு உள்ள மொதல் 5 அடியை மட்டமா விட்டு, அதுக்கு அக்கட்ட ஏத்தத்தை ஆரம்பிங்க. இடம் இல்லைன்னா தள்ளுற கேட். ரோட்டுப்பக்கம் திறக்கற மாதிரி மட்டும் மாத்தாதீங்க, போற வர்ற வண்டியில இடிக்கும்.

தச்சு_கரூர்

ஷீட் போடறதையும் சேத்துக்கோங்க. ஆடிக் காத்துல பல்லடம், உடுமலைப் பக்கம் ஷீட் தூக்கறதுக்குப் பாதிக் காரணம் மேல் ஷீட்டோட விளிம்பு மேக்கே பாத்து இருக்கறது. பாலக்காட்டுக் கணவாய் வழியா வர்ற காத்து மேக்கே இருந்து அடிக்கும். கெழக்கு ஓரத்துல இருந்து ஷீட் போட ஆரம்பிச்சு, அடுத்தடுத்த ஷீட்டை மேக்குப் பக்கம் மேல ஏத்திட்டே வந்தா விளிம்பு கெழக்கே பாத்து நிக்கும், காத்து நுழையாது. ஸ்க்ரூவை ரப்பர் வாஷரோட மேட்டுல அடிக்கோணும். பள்ளத்துல அடிச்சா மழைத்தண்ணி அந்த ஓட்டை வழியாத்தான் எறங்கும்.

வரைபடம்_கோவை

மழை என்றதும் சன்ஷேடு ஞாபகம் வருகிறது. சன்ஷேடு இருந்தும் ஜன்னலுக்கு மேல் செவுரு ஈரமாக இருந்தால் அதன் அடிப்பக்கத்தைக் கையால் தடவிப் பாருங்கள். விளிம்பிலிருந்து ஓர் அங்குலம் உள்ளே அரை அங்குல அகலத்தில் நீளமாக ஒரு வெட்டு இருக்க வேண்டும். அது இல்லையென்றால் தண்ணி விளிம்பில் சொட்டாமல் அடிப்பக்கம் ஒட்டியபடியே உள்ளே வந்து செவுரில் இறங்கும். பூச்சு ஈரமாக இருக்கும்போது ஒரு பட்டைக்கம்பியை அழுத்தி எடுத்தால் வேலை முடிந்தது. இப்போது செய்ய வேண்டுமென்றால் கட்டர் வைத்து வெட்டலாம், கம்பி தெரியாத ஆழத்துக்கு மட்டும்.

2021-ல் கோவை தடாகம் பள்ளத்தாக்குச் செங்கல் சூளைகள் மூடப்பட்ட பிறகு செங்கல்லுக்கு மாற்றாக ஏஏசி பிளாக் (காற்றுத்துளைகள் நிறைந்த லேசான கான்கிரீட் கல்) வைக்க விரும்புகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்தச் செவுரில் சாதாரண பிளாஸ்டிக் பிளக் அடித்து கீசர் மாட்டினால் அது மெல்லச் சாய்ந்துகொண்டே வரும். 25 லிட்டர் கீசரில் தண்ணீர் மட்டுமே 25 கிலோ. கீசரும் வாஷ்பேசினும் வரும் இடத்தில் கட்டும்போதே கான்கிரீட் கட்டையோ திடமான கல்லோ வைத்துவிடுங்கள். கட்டியாகிவிட்டதென்றால் செவுரை ஊடுருவும் போல்ட்டும் மறுபக்கம் இரும்புத் தகடும்.

புதுவீடு_உடுமலை

கடைசியா ஒண்ணு கேட்டுக்கறேன். பாத்ரூம்ல தண்ணி, வெளிய போற ஓட்டை மேல இருக்கற ஜாலிப்பக்கம் போகாம வாசல்பக்கமே வந்து நிக்குது. பழைய டைல்ஸ் மேலயே புது டைல்ஸ் ஒட்டி வாட்டம் எடுத்துக்கலாம்னு சொல்றாங்க. ஆகுங்களா?

பைப்லைன்_கோபி

டைல்ஸ் மேல டைல்ஸ் ஒட்டுனா தரை முக்கால் அங்குலம் ஏறும். வாட்டமும் எடுக்கோணும்னா வாசல்பக்கம் இன்னும் ஏறும். அப்புறம் ரூம் தரையை விட பாத்ரூம் ஒசந்து, தண்ணி வெளிய வரும். கதவும் அறுக்கோணும். வேண்டாங்க.

கொத்துவேலை_காங்கயம்

ஒரேயடியா வேண்டாம்னு சொல்ல முடியாது அண்ணா. ரூம் தரைக்கும் பாத்ரூமுக்கும் எத்தனை இறக்கம் இருக்குதுன்னு மொதல்ல பாக்கலாம். டியூப் லெவல் வெச்சு வாசல் ஓரத்தையும் ஜாலி உதட்டையும் ஒப்பிட்டுப் பாருங்க. 8 அடிக்கு 1 அங்குல வாட்டம் வேணும். ஜாலி உதடு ஏற்கெனவே அந்த அளவுக்குத் தாழ்வா இருந்து, நடுவுல டைல்ஸ்தான் குழி விழுந்திருக்குதுன்னா, அந்த வரிசையை மட்டும் பேத்து ஒட்டலாம். ஜாலியே ஒசரத்துல இருந்தா எத்தனை டைல்ஸ் ஒட்டுனாலும் பிரயோஜனம் இல்ல. ஜாலியைச் சுத்தி ரெண்டடிக்கு ஒடைச்சு, அதுக்கு அடியில தண்ணி நிக்கற நானி டிராப்போட மேல்குழாயை அறுத்துத் தாழ்த்தோணும்.

பைப்லைன்_கோபி

அதுக்கு ஒத்துக்கறேன். ஆனா டிராப்புக்குள்ள 2 அங்குலம் தண்ணி எப்பவும் நிக்கோணும், அந்த நிக்கற தண்ணிதான் சாக்கடை வாடையைத் தடுக்குது. மேல்குழாயை அறுக்கும்போது அந்தத் தண்ணி மட்டத்துக்குக் கீழ போயிராம பாத்துக்கோங்க. ஒடைச்ச இடத்துல வாட்டர் ப்ரூஃபிங் அறுபட்டுப் போகும், பழைய பூச்சு மேல ஒரு சாண் ஏறி வர்ற மாதிரி புதுசா ரெண்டு கோட்டு அடிச்சு, ஜாலியை அடைச்சு, ஒரு நாள் முழுக்கத் தண்ணி கட்டி, கீழ்த்தளத்துல ஈரம் வருதான்னு பாத்துட்டு டைல்ஸ் ஒட்டுங்க. ஒட்டும்போதும் ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு சொம்புத் தண்ணி ஊத்திப் பாக்கச் சொல்லுங்க. கலவை ஈரமா இருக்கறப்ப டைல்ஸைத் தட்டி எறக்கிக்கலாம், காஞ்சதுக்கு அப்புறம் மறுபடி ஒடைக்கறதுதான்.